உப்புக் காற்றில் மாடல் விமானம்: வாசகர் கேள்வி – பதில்

பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி உருவாக்கும் மாடல் விமானங்கள் குறித்து, அதிலும் 1/32, 1/24 (உண்மை விமானத்தில் 32இல் ஒரு பங்கு, 24இல் ஒரு பங்கு) ஆகிய பெரிய அளவுகள் குறித்து, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறேன். கிட் என்று நாம் சொல்லும் உறுப்புப் பெட்டியுடன் வரும் குறிப்பேடு ஜப்பானிலோ இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ எழுதப்படுகிறது. அந்த நாடுகளின் காற்றுக்குப் பொருந்தும் அறிவுரைகளில் பல, தொண்டிக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே அப்படியே பலிப்பதில்லை. ஆகவே பதில்களில் பெரும்பகுதி வெயில், ஈரம், உப்பு, காற்று ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் சாச்சா 1/32 அளவு ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். இதுவரை நான் 1/72 அளவில் மட்டுமே செய்திருக்கிறேன். உறுப்புகள் பெரிதாக இருப்பதால் வேலை எளிது என்கிறார்கள். அது உண்மையா? எங்கிருந்து தொடங்க வேண்டும்? – கீழக்கரை வாசகர்

பதில்: தம்பி, பெரிய உறுப்புகள் கைக்கு அடக்கமாக இருக்கும் என்பது உண்மை, அதனால் வேலை குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 11.23 மீட்டர். அது 1/72 அளவில் 15.6 சென்டிமீட்டராகவும், 1/32 அளவில் 35 சென்டிமீட்டராகவும் வரும். நீளம் இரண்டேகால் மடங்குதான் கூடுகிறது, ஆனால் மேற்பரப்பு ஐந்து மடங்காகிவிடுகிறது. தேய்க்க வேண்டிய இடமும், வண்ணம் பூச வேண்டிய இடமும், ஒரு சிறு கீறல் கண்ணில் படுவதற்கான வாய்ப்பும் அதே கணக்கில் பெருகும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடலில் உள்ள ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மை விமானத்தில் 32 மில்லிமீட்டர். தகடுகள் சேரும் கோட்டை 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் கீறினால் அது உண்மையில் 6 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். அதுவே சற்று அதிகம்தான், ஆனாலும் கண் ஏற்றுக்கொள்ளும். அதே கோட்டை அரை மில்லிமீட்டராக ஆழப்படுத்திவிட்டால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட விமானமாகிவிடும். பெரிய அளவில் நல்ல மாடலுக்கும் சுமாரான மாடலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் உறுப்புகள் அனைத்தையும், அவை வார்க்கப்பட்டு இணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும்போதே மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வார்ப்பு அச்சின் எண்ணெய்ப் பூச்சு போகாவிட்டால் வண்ணம் பிடிக்காது. பிறகு விமானி அறையைத் தொடங்குங்கள். ஸ்பிட்ஃபயரின் இடப்பக்கத்தில் விமானி ஏறுவதற்குக் கீழே மடங்கும் சிறு கதவு உண்டு. 1/32 அளவில் அதைத் திறந்து வைத்தால் இருக்கை, வார்ப்பட்டை, அளவைக் கருவிகள் எல்லாம் தெரியும் என்பதால், நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுவே. உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னால், இறக்கையையும் சேர்த்து டேப்பால் கட்டிப் பொருத்தம் பாருங்கள்.

பசையில் நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு திருத்தம் தேவை. தண்ணீர்போல் மெல்லிய திரவப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றோடொன்று இணைப்பது. இங்குள்ள வெப்பத்தில் அது நீண்ட இணைப்பின் மறுமுனையை எட்டுவதற்குள் ஆவியாகிவிடும். மூன்று நான்கு சென்டிமீட்டராகப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதி பிடித்த பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். கரைந்த பிளாஸ்டிக் இறுகும்போது சிறிது உள்வாங்கும் என்பதால், ஒரு நாளாவது பொறுத்த பின்பே உப்புத்தாளைத் தொட வேண்டும்.

கேள்வி: 1/32 மஸ்டாங் ஒன்றின் வெள்ளி நிறத்துக்கு அடிப்படையாகப் பளபளப்பான கருப்பு லாக்கர் அடித்தேன். அடித்துச் சில நிமிடங்களிலேயே பால் படிந்ததுபோல் வெண்மை பரவிவிட்டது. சில இடங்களில் தண்ணீர்ப் பொட்டுகளும் தெரிகின்றன. வண்ணம் கெட்டுப்போனதா, அல்லது காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் குறையா? – பாம்பன் வாசகி, பள்ளி ஆசிரியை

பதில்: சகோதரி, வண்ணத்திலும் குறையில்லை, கருவியிலும் குறையில்லை. நீங்கள் கண்டவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டுக்கும் வேர் காற்றிலுள்ள ஈரம்.

வெண்மையை முதலில் பார்ப்போம். லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது, பூசிய பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால், அந்தக் குளிர்ந்த பரப்பின் மீது கண்ணுக்குத் தெரியாத அளவில் பனி படிந்து, இன்னும் இறுகாத லாக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த நுண்ணிய நீர்த்துளிகளே ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தெரிகின்றன. இரு புறமும் கடல் சூழ்ந்த பாம்பனில் இது நேராமல் இருந்தால்தான் வியப்பு.

பொட்டுகளுக்குக் காரணம், ஏர்பிரஷுக்கு அழுத்தக் காற்றைத் தரும் கம்ப்ரசர். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி தண்ணீராகத் தொட்டியில் தேங்கும். சூடான காற்று குழாய் வழியே வரும்போது குளிர்ந்து, குழாயின் உட்புறத்திலும் நீர் துளிர்க்கும். கம்ப்ரசரை ஒட்டியுள்ள வடிகட்டி மட்டும் இங்கே போதாது. ஏர்பிரஷின் அடியில், கைக்கு அருகில், இன்னொரு சிறிய ஈர வடிகட்டியைப் பொருத்துங்கள். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றாவிட்டால், உப்புக் காற்று உள்ளிருந்தே தொட்டியை அரித்துவிடும். அழுத்தம் தாங்கும் கலம் துருப்பிடிப்பது ஆபத்தானது.

அடுத்தது நேரம். ஈரப்பதம் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் மறுபடியும் கூடும். ஆகவே லாக்கர் அடிப்பதற்கு முற்பகல் பதினொரு மணிக்கு மேல், கடற்காற்று வருவதற்கு முன்னால் உள்ள இடைவெளியே ஏற்றது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்துக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: உச்சி வெயிலில் அது ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதை மாலையில், உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேர்த்து அடியுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வேலை மேசையில் வைத்துக்கொண்டு, அது 70 சதவீதத்துக்கு மேல் காட்டும்போது பளபளப்பு லாக்கரைத் தொடுவதில்லை என்று ஒரு விதி வகுத்துக்கொள்வது நல்லது.

இப்போது கெட்டுப்போன பரப்பைச் சுரண்ட வேண்டாம். மெதுவாக ஆவியாகும் வகைத் தின்னரை, வண்ணமில்லாமல், வறண்ட ஒரு நண்பகலில் மிக மெல்லிய பனிபோல அதன் மீது தெளியுங்கள். லாக்கர் மீண்டும் இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறி, கருப்பு பெரும்பாலும் தெளிந்துவிடும். பொட்டு விழுந்த இடங்களை மட்டும் 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும்.

ஆண்டு முழுவதற்குமாக வேலையைப் பிரித்துக்கொள்வது இதைவிடப் பயன்தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டுவது, ஒட்டுவது, விமானி அறையைச் செய்வது. தை பிறந்த பிறகு வண்ணம். கச்சான் காற்று மணலை அள்ளி வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கத்துச் சன்னல்களை அடைத்துவிட வேண்டும். கார் பெயிண்ட் அடிப்பவர்கள் தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். நமக்கு அது ஈரத்தைக் கூட்டிவிடும் என்பதால், முந்தைய இரவே தரையை ஈரத்துணியால் துடைத்து வைப்பது போதும்.

உங்களுடையது மஸ்டாங் என்னும் அமெரிக்கப் போர்விமானம் என்பதால் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறேன். அதன் உடற்பகுதி வண்ணமில்லாத அலுமினியத் தகடாக இருந்தாலும், இறக்கையின் பெரும்பகுதியில் தகட்டு இணைப்புகளையும் ஆணித் தலைகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி பூசி மூடி, வெள்ளி வண்ணம் அடித்தார்கள். காற்று வழுக்கிச் செல்லும் அந்த இறக்கையின் வடிவமைப்புக்கு வழவழப்பான பரப்பு தேவைப்பட்டது. எனவே உடலுக்கு மின்னும் உலோக நிறம், இறக்கைக்குச் சற்று மங்கிய வெள்ளி என்று பிரித்து அடித்தால் மாடல் உண்மையோடு பொருந்தும். முழுவதையும் கண்ணாடிபோல் மின்னச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் தந்தை ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டில் ரெசின், ஹார்ட்னர், பட்டி எல்லாம் இருக்கின்றன. மாடல் விமானத்தின் இடைவெளிகளை அடைக்கவும், இறக்கையை உள்ளிருந்து வலுப்படுத்தவும் அவற்றைப் பயன்படுத்தலாமா? – தொண்டி வாசகர்

பதில்: படகுக்குப் பயன்படும் ரெசின் பெரும்பாலும் பாலியஸ்டர் வகை. அதைத் திரவமாக வைத்திருப்பது ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள். உங்கள் கிட்டின் பிளாஸ்டிக்கோ பாலிஸ்டைரீன். ஸ்டைரீனில் அது கரையும். இறக்கைக்குள் ரெசினை ஊற்றினால், அது இறுகுவதற்குள் மெல்லிய பிளாஸ்டிக்கை இளக்கி வளைத்துவிடும். இறுகும்போது எழும் சூடு மீதிக் கேட்டையும் செய்யும். தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான்; அதன் மீது ரெசினை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடியது. பெரியவர்கள் இல்லாதபோது அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வலுப்படுத்த வேண்டுமானால் இரண்டு பாகங்களைக் கலக்கும் எபாக்சி பசையைப் பயன்படுத்துங்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைக்காது. பட்டியைப் பொறுத்தவரை, மெல்லிய பூச்சாக, முதலில் கழிவுச் சட்டத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். தடிமனாக அப்பக் கூடாது.

ஆனால் உங்கள் தந்தையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு இருக்கின்றன. பட்டறையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 400, 800, 1000 எண் உப்புத்தாள்கள் மாடலுக்கு அப்படியே பொருந்தும். படகின் பக்கவாட்டில் விளக்கைச் சாய்வாகப் பிடித்து மேடு பள்ளம் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருக்கும். பெரிய அளவு மாடலில் இறக்கை வேரில், அதாவது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், உள்ள இணைப்பு சமமாகிவிட்டதா என்பதை அறிய அதைவிட நல்ல வழி கிடையாது. சாம்பல் நிற ப்ரைமர் ஒரு பூச்சு அடித்துவிட்டு, அவரையே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆவி வடிகட்டும் முகமூடி பட்டறையில் இருந்தால், லாக்கர் அடிக்கும்போது நீங்களும் அத்தகைய ஒன்றை அணிய வேண்டும். துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்குமே தவிர, தின்னர் ஆவியைத் தடுக்காது.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊருக்கு மேலே கடற்படையின் ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் பறக்கின்றன. அவற்றைப் பெரிய அளவில் செய்ய ஆசை. தளத்தின் வேலிக்கு அருகில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து அளவுகளைக் கணக்கிடலாமா? – உச்சிப்புளி வாசகர்

பதில்: வேண்டாம், தம்பி. உங்கள் ஊரிலுள்ள கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். பருந்து ஒரு படைத்தளம்; அங்கே படம் எடுப்பது சட்டப்படி குற்றமாகும், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். வரைபடமாகக் குறித்து வைத்துக்கொள்வதும் கூடாது. உங்களுக்குத் தேவையான அளவுகள் அனைத்தும் வெளிப்படையாக அச்சாகியுள்ள நூல்களிலும், பாதுகாப்புத் துறையே வெளியிட்ட படங்களிலும் கிடைக்கின்றன. தலைக்கு மேலே பறக்கும்போது கண்ணால் பார்ப்பதற்குத் தடையில்லை. நிறம் வெயிலில் எப்படித் தெரிகிறது, நிழல் எங்கே விழுகிறது என்பதைக் கவனித்துப் பழகுங்கள்.

பருந்து 2009இல் கடற்படையின் முழுமையான விமானத் தளமாகத் தொடங்கப்பட்டது. 2012இல் ஹெரான், சர்ச்சர் ஆகிய ஆளில்லா விமானங்களைக் கொண்ட அணி அங்கே அமைந்தது. கடற்படையின் ஹெலிகாப்டர்களில் ஒன்றான சேத்தக், பிரான்சின் அலூட்–3 ஹெலிகாப்டரை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இங்கே கட்டியது. அதன் சுழலியின் விட்டம் 11.02 மீட்டர், 1/32 அளவில் 34 சென்டிமீட்டர். முன்புறம் முழுவதும் வளைந்த கண்ணாடியாக இருப்பதால், கிட் இல்லாமல் சொந்தமாகச் செய்வதற்கு அது மிகவும் கடினம்.

ஹெரான் அப்படியில்லை. நீண்டு மெலிந்த நேரான இறக்கை, பின்னோக்கிச் செல்லும் இரண்டு தண்டுகள், உடலின் பின்புறத்தில் தள்ளுவிசை தரும் ஒரு உந்தி; கண்ணாடியும் இல்லை, விமானி அறையும் இல்லை. பால்சா மரமும் பிளாஸ்டிக் தகடும் கொண்டு ஒரு மாணவர் துணிந்து செய்யக்கூடிய வடிவம் இது. இறக்கை 16.6 மீட்டர் என்பதால் 1/32 அளவில் 52 சென்டிமீட்டர் வரும். முதல் முயற்சிக்கு 1/48 அளவில், அதாவது 35 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். அவ்வளவு நீண்ட இறக்கை தானாகத் தொங்கிவிடாமல் இருக்க, உள்ளே பித்தளைக் குழாய் ஒன்றை நெடுகச் செலுத்த வேண்டும்.

கிட்டாகவே வாங்கி இந்தியக் கடற்படை விமானம் செய்ய வேண்டுமென்றால், என் தேர்வு சீ ஹாரியர் என்னும் போர்விமானம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/24 அளவில் வெளியிட்ட கிட் உண்டு, 14.5 மீட்டர் நீளமுள்ள விமானம் அந்த அளவில் 60 சென்டிமீட்டராக மேசையை நிறைத்துவிடும். அது பிரிட்டிஷ் வகை. நம்முடையது 1983இல் வரத் தொடங்கி 2016இல் ஓய்வு பெற்றது. சைட்வைண்டர் ஏவுகணைக்குப் பதிலாக மாத்ரா மேஜிக் ஏவுகணையைச் சுமந்தது. ஆரம்பத்தில் மேலே கருஞ்சாம்பலும் கீழே வெள்ளையும் பூசியிருந்தார்கள். கோவாவிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் உண்மை விமானத்தையே பக்கத்தில் நின்று பார்க்கலாம். சக்கரக் குழிகளின் உட்புறத்தையும், உந்துகுழல்களைச் சுற்றிய கரிப் படிவையும் மறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் விமானங்களின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை. அதை ஒட்டுப் படமாக அச்சிட்டு ஒட்டலாம் என்றால், வீட்டுப் பிரிண்டரால் வெள்ளையை அச்சிட முடியாது. காவியும் சாம்பல் பரப்பின் மேல் மங்கிவிடும். வட்டமாக வெட்டும் கருவியால் டேப்பில் மறைப்பு வெட்டி, முதலில் வெள்ளை, பிறகு பச்சை, பிறகு காவி என்று ஏர்பிரஷால் அடிப்பதே பெரிய அளவில் அழகு. ஒட்டுப் படத்தின் விளிம்பு தெரியும் என்ற கவலையும் இதில் இல்லை.

கேள்வி: அண்ணன் மூலமாக முதல் உலகப்போர்க் கால எஸ்.இ.5ஏ விமானத்தின் 1/32 கிட் கிடைத்திருக்கிறது. இரண்டு இறக்கைகளுக்கும் இடையே கம்பிகள் கட்ட வேண்டும். வீட்டில் தூண்டில் நரம்பு நிறைய இருக்கிறது, அதையே கட்டலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

பதில்: நல்ல விமானம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் ஓட்டியது இந்த வகையைத்தான். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகளைப் பெற்று, அதே மாதம் 22ஆம் நாள் வான்போரில் உயிர்துறந்தார். அப்போது அவருக்கு வயது 19. அவருடைய 40ஆம் அணியின் குறியீடுகளோடு செய்ய முடிந்தால் செய்யுங்கள். உங்கள் கிட் நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் தயாரிப்பாக இருந்தால் பத்திரமாகக் கையாளுங்கள். அந்த நிறுவனம் 2020இல் மூடப்பட்டுவிட்டது, உடைந்த உறுப்புக்கு மாற்று கிடைப்பது அரிது.

தூண்டில் நரம்பு கட்டலாம், ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று தடிமன். சாதாரணத் தூண்டிலுக்குப் பயன்படும் 0.30 மில்லிமீட்டர் நரம்பு, 1/32 அளவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடித்த கம்பியாகத் தெரியும். 0.12 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். இரண்டாவது, நைலானின் குணம். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீளும், உலர்ந்தால் சுருங்கும். பங்குனி வெயிலில் விறைப்பாக நீங்கள் கட்டி வைத்த கம்பிகள் ஐப்பசி மழையில் தொய்ந்துபோகும். மழையில் இழுத்துக் கட்டினாலோ, கோடையில் அது இறுகி மேல் இறக்கையையே வளைக்கக்கூடும். உங்கள் பக்கத்துத் தூண்டில் கடைகளில் ஃபுளோரோகார்பன் நரம்பு என்று கேளுங்கள். அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. நீண்டு சுருங்கும் மெல்லிய லைக்ரா நூலும் ஏற்றதே, கை தவறிப் பட்டாலும் அறுந்துவிடாது.

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் வண்ணம் பூசி முடித்த பிறகே இணைக்க வேண்டும். கம்பி சேரும் இடங்களில் 0.3 மில்லிமீட்டர் துரப்பணத்தால் துளையிட்டு, ஒரு முனையை மேல் இறக்கையின் துளையில் செருகி, ஊசி முனையில் எடுத்த சூப்பர் க்ளூவை அந்த இடத்தில் தொட்டு வையுங்கள். அது நன்றாகப் பிடித்த பின்னால் மறுமுனையைக் கீழே இழுத்து, சிறு கிளிப் ஒன்றின் எடையில் தொங்கவிட்டபடியே ஒட்டுங்கள். நைலானே கட்டியிருந்து எங்காவது தொய்வு தெரிந்தால், எரியும் ஊதுபத்தியின் முனையைத் தொடாமல் அருகில் கொண்டு சென்றால் அந்த வெப்பத்தில் நரம்பு சுருங்கி நேராகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுந்துவிடும்.

சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது என்பதால் நம் கரையில் அது மிக விரைவாகப் பிடிக்கும். புட்டியும் அதே வேகத்தில் கெட்டியாகும். மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்; வெளியே எடுத்தவுடன் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். கண்ணாடி உறுப்புகளுக்கு அருகில் அதைக் கொண்டு செல்லாதீர்கள், அதன் ஆவி வெண்படலமாகப் படியும்.

கேள்வி: வண்ணம் உரிந்த தோற்றத்துக்கு உப்பைப் பயன்படுத்தலாம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் உப்புக்குக் குறையில்லை. எப்படிச் செய்வது? – வாலிநோக்கம் வாசகர்

பதில்: முதலில் அலுமினிய நிறம் அடித்து, அது நன்றாக இறுகிய பின், உரிந்ததாகக் காட்ட வேண்டிய இடத்தைத் தண்ணீரால் நனைத்து உப்பைத் தூவி உலர விடுங்கள். அதன் மேல் விமானத்தின் வெளி வண்ணத்தை அடித்து, காய்ந்ததும் பழைய பல்துலக்கியால் உப்பை உதிர்த்தால், அந்த இடங்களில் உலோகம் எட்டிப் பார்க்கும்.

உப்பளத்துக் கல் உப்பை அப்படியே தூவக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் கல் 1/32 அளவில் உள்ளங்கை அகலத் தழும்பாகிவிடும். அம்மியிலோ உரலிலோ நன்றாகப் பொடித்து, சல்லடையில் சலித்த தூளையும் அதற்கு அடுத்த பருமனையும் கலந்து பயன்படுத்துங்கள். விமானி ஏறும் இடம், இறக்கை வேர், எஞ்சின் மூடியின் திருகுகள் ஆகிய இடங்களே போதும். முழு விமானத்தையும் உரிந்ததாகக் காட்டும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பறக்கும் நிலையில் பராமரிக்கப்பட்ட விமானம் அப்படி இருப்பதில்லை. குறிப்பாக, கடல் மேல் தாழப் பறக்கும் விமானங்களை உப்பு அரிக்காமலிருக்க நன்னீரால் கழுவுவார்கள்.

மாடலையும் அப்படியே கழுவ வேண்டும். உப்பின் ஒரு துகள் மிஞ்சினாலும் அது காற்றின் ஈரத்தை இழுத்து, மேலே அடிக்கும் வார்னிஷின் அடியில் கொப்புளமாக எழும்பும். இரண்டு முறை நன்னீரில் அலசி, முழுமையாக உலர்ந்த பின்னரே வார்னிஷ்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் செய்து முடித்த லைட்னிங் விமானம். வால் பக்கம் சாயாமலிருக்க முன்புறம் எடை வேண்டும் என்பதால் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து மூக்கினுள் நிரப்பினேன். இப்போது மூக்கு உப்பி, இணைப்பு வெடித்திருக்கிறது. சக்கரங்களின் ரப்பர் டயர் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் இளகிப் பிசுபிசுக்கிறது. என்ன காரணம்? – இராமநாதபுரம் வாசகர்

பதில்: ஐயா, இரண்டும் தனித்தனி நோய்கள். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை உலர்ந்த பின்னும் சிறிதளவு அசிட்டிக் அமில ஆவியை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மூடிய மூக்கினுள் அந்த ஆவியும், ஈரமும், காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்து ஈயத்தை வெண்மையான ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அது பழைய ஈயத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், பிளாஸ்டிக்கை உள்ளிருந்து பிளக்கிறது. வெடிப்பைப் பட்டி பூசி மூடினால் மறுபடியும் வெடிக்கும். மூக்கைத் திறந்து, வெள்ளைத் தூளை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் ஈரப்படுத்தி எடுத்துவிடுங்கள். அந்தத் தூள் நச்சு, குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது, கையுறை அவசியம். பிறகு புதிய எடையை எபாக்சியில் முழுவதுமாக மூழ்கும்படி பதியுங்கள். ஈயமே வேண்டுமென்பதில்லை, பித்தளை நட்டுகள் போதுமான இடம் இருந்தால் நன்றாகவே உதவும்.

டயர்கள் ரப்பர் அல்ல, மென்மையாக்கிய வினைல். அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்தும். இளகிய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ரெசினில் வார்த்த மாற்றுச் சக்கரங்களைப் பொருத்துவதே நிலையான தீர்வு. அவை கிடைக்கும் வரை, டயரும் சக்கரமும் சேரும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தாளை இடையில் வையுங்கள். வினைல் டயர் தரையைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் பீடம் இருந்தால் அதற்கும் ஒரு கண்ணாடித் துண்டு தேவை.

கேள்வி: 1/32 பி–17 வாங்கும் எண்ணம். வீட்டில் இடம் போதுமா, எப்படிப் பாதுகாப்பது என்பதே தயக்கம். – மண்டபம் வாசகர்

பதில்: வாங்குவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துச் சுவரில் வைத்துப் பாருங்கள். பி–17 என்னும் அந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை 31.6 மீட்டர், மாடலில் 99 சென்டிமீட்டர். கதவு வழியாக நேராகக் கொண்டு செல்ல முடியாத வீடுகள் உண்டு. ஆகவே வெளி இறக்கைகளைப் பசையிடாமல், கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது. மேற்கு வெயில் விழும் சுவரும், தகரக் கூரையின் அடியும் ஆகாது. நீண்ட இறக்கை வெப்பத்தில் மெல்லத் தொங்கும். குறிப்பேட்டையும் மிச்ச ஒட்டுப் படங்களையும் இராமபாணப் பூச்சி தின்னாமல் பிளாஸ்டிக் உறையில் இட்டு வையுங்கள்.

கண்ணாடிப் பெட்டி கட்டாயம் வேண்டும், திறந்த அலமாரியில் படியும் உப்புத் தூசியைத் துடைக்கத் துடைக்க ஆன்டெனாக்களும் துப்பாக்கிக் குழல்களும் உடையும். பெட்டி செய்யும் கடையில் இணைப்புகளுக்குச் சிலிகோன் பூசுவார்கள். புளிக்காடி வாடை வரும் வகையாக இருந்தால் அதுவும் அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதே. உலோகத்தில் வார்த்த சக்கரக் கால்களையும் மூக்கிலுள்ள ஈயத்தையும் அது தாக்கும். வாடையற்ற நியூட்ரல் சிலிகோன் கேளுங்கள். அது கிடைக்காமல் மற்றதையே பூசிவிட்டால், வாடை முழுவதும் போகும் வரை பெட்டியைத் திறந்து வைத்திருந்து, அதன் பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மாடலை உள்ளே வையுங்கள்.